ஒரகடத்து நீல வண்டியை வேவு பார்த்த நாட்கள்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு வெளியே, ஷேர் ஆட்டோக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த கம்பெனி?"

கம்பெனி எதுவும் இல்லை, ஒரகடம் போக வேண்டும் என்றேன்.

"ஒரகடம்னா? அது இன்னா ஒரே தெருவா சார்? கம்பெனி பேர சொன்னாதான எறக்கி வுட முடியும்."

ஆட்டோவுக்குள் இருந்த எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது. என் கழுத்தைத் தவிர. ஒரு சாப்பாட்டு வண்டியைப் பார்க்க மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னேன். "வடக்குப்பட்டுப் பக்கம்."

"அங்க வூடு கீதா?"

"இல்லை."

"அப்போ இன்னாத்துக்கு?"

ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் ஈப்போக்காரன். பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தூங்குவது போல நடிப்பவன் யார், உண்மையிலேயே தூங்குபவன் யார் என்று படியில் கால் வைக்கும்போதே சொல்லிவிடுவேன். அந்தத் திறமையை நம்பித்தான் என் அக்கா பார்வதி என்னை அனுப்பினாள். அவள் மகள் ஷர்மிளா கோலாலம்பூரில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறாள். அவள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு லெபனான் உணவகம். அங்கே சமையல்காரனாக இருந்தவன் அருள். வேலை அனுமதி முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, ஒரகடத்தில் சொந்தமாக ஒரு வண்டி போட்டிருக்கிறான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று இவள் நிற்கிறாள்.

"யாருன்னு சொல்லாத தம்பி," என்றாள் அக்கா. "கஸ்டமர் மாதிரி போய் உட்காரு. அங்க சாப்பிடுறவங்ககிட்ட பேச்சு குடு. கடைக்காரன் எப்படின்னு அவன்கிட்ட சாப்பிடுறவனுக்குத் தெரியாதது இல்ல."

ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு தொழிற்சாலை வாசலில் இறங்கினார்கள். "நீங்களும் எறங்கிக்கங்க சார், பக்கம்தான்," என்று சொல்லிவிட்டு ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. வழி கேட்டதும், வாசலில் நின்ற காவலாளி ஒரு வரிசையைக் காட்டி நிற்கச் சொன்னார். நின்றேன். என் முறை வந்தபோது, "லேப்டாப் எங்க?" என்று கேட்டார்கள். அது மடிக்கணினிகளைப் பதிவு செய்யும் வரிசை. இல்லை என்றதும், இல்லாதவன் ஏன் நின்றாய் என்பது போல இரண்டு பேர் என் பையைத் துழாவினார்கள். ஈப்போ வெள்ளைக் காப்பிப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தும் பார்த்தார்கள்.

கடைசியில் தண்ணீர் கேன் ஏற்றிப்போகும் வண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். எங்கள் ஊரில் இந்த வெயிலுக்கு ஒரு மழை கட்டாயம் வரும். இங்கே வானம் வெளுத்துப்போய், பிடிவாதமாக இருந்தது. புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய நீண்ட லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

நீல வண்டியை எட்டத்திலிருந்தே கண்டுகொண்டேன். இங்கே 'குட்டி யானை' என்று சொல்கிற சின்ன சரக்கு வண்டிதான். பக்கத்தில் ஜன்னல் வெட்டி, நீலமும் வெள்ளையும் அடித்திருந்தார்கள். 'மத்தியதரைக்கடல் உணவு' என்று தமிழில் எழுதி, கீழே ஒரு ஆலிவ் மரம் வரைந்திருந்தார்கள். வரைந்தவர் ஆலிவ் மரத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. அது வேப்பமரமாகத்தான் இருந்தது.

அருள் ஜன்னலுக்குள் நின்றான். ஒல்லி. தலையில் துணித் தொப்பி. "வாங்க சார், இன்னா சாப்புடுறீங்க?" என்று சிரித்தான். முதல் தடவை வருகிறவனிடம் இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கோழிக்கறி வைத்த ரொட்டியும் இருந்தது. நான் ஃபலாஃபெல் ரொட்டி கேட்டேன். கொண்டைக்கடலையை ஊறவைத்து, கொத்தமல்லித் தழை சேர்த்து அரைத்துப் பொரித்த உருண்டைகள். சுடச்சுட உப்பிய ரொட்டியைக் கீறி, உள்ளே அவற்றை நசுக்கி வைத்து, பீட்ரூட் ஊறுகாயும் எள் சாந்தும் போட்டான். வெள்ளையாக, பூண்டு மணக்கும் இன்னொரு சாந்தையும் எடுத்தான். இப்படிப் பச்சை முட்டைச் சாந்தோடு சவர்மா சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்தது ஞாபகம் வந்தது. அது வேண்டாம் என்றேன். ஐஸ் பெட்டியின் மூடி ஏன் எப்போதும் மூடியே இருக்கிறது? கையுறை போட்டிருக்கிறான். ஆனால் நான் வந்த பிறகு போட்டானா, முன்பே போட்டிருந்தானா?

ரொட்டியைக் கடித்தேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பச்சை நிறத்தில் மிருதுவாக, எங்கள் ஊர் மசால் வடையை நாகரிகமாக வளர்த்தது போல ஒரு சுவை. உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நன்றாகச் சமைக்கிறவன் ஏன் இந்தப் புழுதியில் நிற்கிறான்?

அன்று மாலை அக்கா கேட்டாள், "ஆள் எப்படி?"

"சாப்பாடு நல்லாருக்கு. ஆள் இன்னும் தெரியல," என்றேன்.

மறுநாள் முதல் ஷிப்ட் விடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. சீருடை போட்ட பிள்ளைகள் இறங்கி வண்டியைச் சூழ்ந்தார்கள். பாதிப் பேர் தெற்கத்திப் பேச்சு. யாரும் ஃபலாஃபெல் என்று சொல்லவில்லை. "அண்ணே, ரெண்டு ரொட்டி ஆமவடை", "வெள்ளைத் துவையல் கூட வைங்கண்ணே" என்றார்கள். அருளும் அதே பெயரில்தான் திருப்பிச் சொன்னான்.

பிளாஸ்டிக் ஸ்டூலில் எனக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். ஏதோ ஒரு தொழிற்சாலையில் புது இயந்திரம் பொருத்த வந்த துருக்கிக்காரர். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். உங்கள் ஊர் சாப்பாடு போலவே இருக்கிறதா?

"இல்லை," என்றார். "எங்கள் ஊர் சாப்பாடும் இல்லை, உங்கள் ஊர் சாப்பாடும் இல்லை. மிளகாய் அதிகம். ஆனால் இங்கே வந்ததிலிருந்து என் வயிறு கெடாத ஒரே இடம் இதுதான்."

கடையைப் பற்றி நல்லதாக ஒரு வெளிநாட்டுக்காரன் சொல்கிறான் என்றால், கடைக்காரன் அவனுக்குத் தனிக் கவனிப்பு கொடுக்கிறான் என்று அர்த்தம். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

அடுத்து, விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் பேசினேன். பெயர் பேச்சி, தென்காசிப் பக்கம். அடிக்கடி இங்கே சாப்பிடுவாயா அம்மா?

"வாரத்துல ரெண்டு மூணு நாள் திங்கேன் சார். ஓ.டி. இருந்தா அண்ணன் பார்சல் எடுத்து வச்சிருப்பாவ."

"வயிறு ஒன்றும் பண்ணவில்லையே?"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க ரூம்ல மாரிக்குத்தான் ரெண்டு நாளா வயித்துக்கு முடியல. லீவு போட்டுட்டா."

"மாரி இங்கே சாப்பிட்டாளா?"

"தெரியலியே சார். கேட்டுச் சொல்லுதேன்." பிறகு என் சட்டைப் பையில் இருந்த பேனாவையும், தேய்த்த காற்சட்டையையும், செருப்புக்குப் பதில் ஷூ போட்டிருந்த கால்களையும் பார்த்தாள். "சார் ஆடிட்டா?"

தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு, சுத்தமான ஷூ போட்டுக்கொண்டு வந்து எல்லாவற்றையும் பார்த்துக் கேள்வி கேட்கிற ஆள் என்றால் ஆடிட்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு யார் என்று கேட்பாள். சிரித்துவைத்தேன்.

கூட்டம் குறைந்ததும் அருள் வண்டியின் பின்பக்கம் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்பேசியில் பேசினான். குரல் தாழ்ந்திருந்தது. ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தான். யாரிடம் இப்படிச் சிரிக்கிறான்? ஷர்மிளாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வேறு அழைப்பில் இருந்தாள். அதுவே பதிலாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ, இரண்டு பேரும் ஏதோ மறைக்கிறார்கள் என்று இன்னொரு சந்தேகம்தான் முளைத்தது.

மூன்றாம் நாள் பஸ்கள் வந்தன. பிள்ளைகள் இறங்கினார்கள். யாரும் வண்டிப் பக்கம் வரவில்லை. சிலர் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போனார்கள். துருக்கிக்காரர் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டு, இன்று ஏன் அமைதியாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். தட்டில் உருண்டைகள் ஆறிக் கறுத்துக்கொண்டிருந்தன. அருள் அடுப்பைக் குறைத்தான். பிறகு அணைத்தான்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். இப்போது சிரிப்பு இல்லை.

"சார், நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"ஏன்?"

"ஹாஸ்டல் குரூப்ல வார்டன் மெசேஜ் போட்டுக்கீறாங்க. நீல வண்டில சாப்ட்டு ஒரு பொண்ணுக்கு முடியல, ஃபுட் ஆபீசரே வந்து டெய்லி விசாரிக்கிறாரு, யாரும் அங்க போவாதீங்கன்னு. யார்றா அந்த ஆபீசர்னு பாத்தா நீங்கதான். லைசென்ஸ் வேணுமா? காட்றேன். கறி எங்க வாங்கறேன், எப்ப அறுக்கறேன், எல்லாம் சொல்றேன். என்னான்ட கேக்காம எங்கிட்ட சாப்புடுறவங்களாண்ட போய் ஏன் சார் கேட்டீங்க?"

பஸ்ஸில் எத்தனையோ பேர் என்னிடம் கத்தியிருக்கிறார்கள். அவர்களிடமெல்லாம் பதில் சொல்ல என் கையில் ஒரு விதி இருக்கும். இங்கே தப்பு என்னுடையது.

"நான் ஆபீசர் இல்லை. ஷர்மிளாவுக்குத் தாய்மாமன். ஈப்போவிலிருந்து வந்திருக்கிறேன்."

அவன் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஷர்மிதான் அனுப்புச்சா?"

"இல்லை. அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா."

அவன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தான்.

விடுதியைத் தேடிப் போனேன். மூன்று மாடிக் கட்டடம், எல்லா ஜன்னலிலும் ஒரே நிறச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. வார்டன் அம்மாள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அதிகாரி என்று நினைத்தது தவறு, நான் பெண் வீட்டு மாமா, மாப்பிள்ளை பார்க்க வந்தவன்.

"நேத்து ஆபீசர்னாங்க. இன்னிக்கு மாமான்றீங்க. நாளைக்கு இன்னா, அவனோட பார்ட்னரா?"

பாஸ்போர்ட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். "மலேசியாலர்ந்து வந்து ரோட்டுல குந்திகினு பொண்ணுங்களாண்ட வயிறு நல்லாக்கீதான்னு கேப்பீங்களா? யாராவது நம்புவாங்களா சார் இத?"

நானே நம்பியிருக்க மாட்டேன். உண்மையைச் சொல்லும்போது இவ்வளவு பொய்யனாகத் தெரிவேன் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அப்போது மாடிப்படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. பின்னால் பேச்சி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்:

"மேடம், நான்தான் மாரி. நான் அந்த வண்டிப் பக்கம் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. அன்னைக்கு மத்தியானம் நம்ம மெஸ்ஸுல முட்டைக்கொழம்பு தின்னேன். அதுலேர்ந்துதான் முடியல. என்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலே மெசேஜ் போட்டுட்டிய."

வாசலில் நின்ற மற்ற பெண்கள் வார்டனைத் திரும்பிப் பார்த்தார்கள். விடுதிச் சாப்பாட்டைக் குறை சொன்ன பெண்ணுக்கு விடுதியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும். கைப்பிடியை அவள் விடவில்லை.

வார்டன் நாற்காலியை விட்டு எழுந்தார். "நீ மேல போய்ப் படு," என்றார். குரலில் கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம், "வாங்க. நானே பாக்கறேன்," என்றார்.

முன்னால் அவர் நடக்க, பின்னால் நானும் நாலைந்து பெண்களுமாக நீல வண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். வார்டன் ஜன்னலில் நிற்கவில்லை. பின்கதவு வழியாக நேராக உள்ளே ஏறினார். ஐஸ் பெட்டியைத் திறந்தார். கறியை முகர்ந்தார். எண்ணெய்ச் சட்டியில் கரண்டியை விட்டுத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்தார். இது எப்ப அரைச்சது, தண்ணி எங்கேர்ந்து வருது, மிச்சமானத இன்னா பண்ற, இந்த வெள்ளையில முட்டை போடுறியா? அருள் ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் சொன்னான். முட்டை இல்லை மேடம், பூண்டும் எண்ணெயும் எலுமிச்சையும்தான், அங்கேயே அப்படித்தான் கத்துகினேன் என்றான். உள்ளே கையுறை அட்டைப்பெட்டி பாதி காலியாக இருந்தது. நான் வருவதற்கு முன்பும் போட்டிருக்கிறான்.

மூன்று நாளாக ஸ்டூலில் உட்கார்ந்து நான் கண்டுபிடிக்கப் பார்த்ததையெல்லாம் அந்த அம்மாள் நின்றபடியே தெரிந்துகொண்டார். கடைசியில் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டார்.

"உப்பு கம்மி," என்றார். இறங்கியதும் செல்பேசியை எடுத்துக் குழுவுக்கு மறுபடி ஒரு செய்தி தட்டினார். பெண்கள் எல்லாருடைய செல்பேசிகளும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன.

நான்காம் நாள் கூட்டம் பாதிதான் திரும்பியது. "ஆடிட் பாஸா சார்?" என்று ஒரு பையன் என்னைப் பார்த்துக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாரி எப்படி இருக்கிறாள் என்று பேச்சியிடம் கேட்டேன். "தேவல சார். மெஸ்ஸுல கொழம்ப மாத்திட்டாவ. அவள யாரும் ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் யோசித்து, "இதுவரைக்கும் சொல்லல," என்றாள்.

கூட்டம் கலைந்ததும் அருள் இரண்டு டம்ளர் புதினா டீ கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தான்.

"நீங்க கேக்க வேண்டியதெல்லாம் கேட்டீங்க. நான் ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேள் தம்பி."

"நான் எப்படிப்பட்ட ஆளுன்னு பாக்க நீங்க ஏரோப்ளேன் ஏறி வந்துட்டீங்க. உங்க வூட்ல எப்படின்னு பாக்க நான் யார அனுப்பறது? எனக்கு யாரும் இல்ல, அதனால உங்களாண்டயே கேக்கறேன். ஷர்மியோட பாஸ்போர்ட்ட அவங்கம்மா எடுத்து பீரோல வச்சி பூட்டிட்டாங்களாமே. நெசமா?"

டீ நாக்கைச் சுட்டது. எனக்குத் தெரியாது. அக்கா என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அக்காவை எனக்குத் தெரியும்.

"எத்தனை நாளாக?"

"எங்க விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து. அழுவுது சார் அது. நீங்க வந்துகீறத நேத்து ராத்திரி சொன்னேன், உங்ககிட்ட சொல்லாதன்னு என்னான்ட சத்தியம் வாங்கிச்சு. மாமாவுக்குத் தெரிஞ்சா அம்மாவுக்கு அசிங்கம்னு."

அவன் எதிரிலேயே அக்காவைக் கூப்பிட்டேன். பையனைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஆவலாக எடுத்தாள்.

"அக்கா, ஷர்மிளா பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

"பத்திரமா இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"அவ கேட்டாளா?"

"கேட்டா குடுத்துடணுமா? ஓடிப் போயிட்டா?"

"அவ ஓடலையே அக்கா. உன்கிட்ட சொல்லிட்டுத்தானே நிக்கிறா."

"தம்பி, அவனப் பார்க்கச் சொல்லித்தானே உன்ன அனுப்புனேன்? அங்க உட்கார்ந்துகிட்டு என்னைய செக் பண்றியா?"

"அவனப் பார்த்துட்டேன். அவன்கிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றேன். "நீ முதல்ல அத எடுத்து அவ கையில குடு. நான் வந்ததும் பேசுறேன்."

அவள் வைத்துவிட்டாள். அருள் எழுந்து போய் ஸ்டூல்களை அடுக்கினான். நானும் அடுக்கினேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகும் ஆட்டோவை அவனே கைகாட்டி நிறுத்தினான்.

ஈப்போ வந்து சேர்ந்தபோது, கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஷர்மிளாதான் அக்கா வீட்டுக் கதவைத் திறந்தாள். கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டின் சிவப்பு அட்டை முனையை மட்டும் காட்டிவிட்டு மூடிக்கொண்டாள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் சிரித்தாள். அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். மூன்றாம் நாள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ சொல்றத நான் நம்ப முடியாது. நீ அவன் ரொட்டியத் தின்னுட்ட. நான் நேர்ல போறேன். இவளையும் கூட்டிட்டுத்தான் போறேன். ஒரு வாரம் அங்கயே உட்கார்ந்து பார்க்கப் போறேன்."

அன்று மாலையே அருளைக் கூப்பிட்டு எச்சரித்தேன். அக்கா வருகிறாள் தம்பி. அவள் என்னைப் போல ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துவைக்கிற ஆள் இல்லை. சட்டியைத் திறப்பாள், உன் வீட்டுக்கும் வருவாள், பக்கத்து வீட்டிலும் விசாரிப்பாள்.

எண்ணெய் பொரியும் சத்தமும், யாரோ ரொட்டி ஆமவடை கேட்கும் சத்தமும் கேட்டன.

"வரட்டும் சார்," என்றான் அருள். "யாருன்னு சொல்லிட்டு வரட்டும். அது போதும்."